முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி கவிழ்ந்துவிடுமா? புதிதாக பைக் ஓட்டுவோருக்கு ஓர் எளிய விளக்கம்

தமிழ்நாட்டில் பைக் ஓட்டக் கற்றுக்கொள்பவர்களில் பெரும்பாலோர், கற்றுத்தருகிற அண்ணனிடமிருந்தோ மாமாவிடமிருந்தோ முதல் நாளிலேயே ஓர் எச்சரிக்கையைக் கேட்டுவிடுகிறார்கள்: "முன் பிரேக்கை மட்டும் தொட்டுடாதே தம்பி, குப்புறத் தள்ளிடும்." அக்கறையோடு சொல்லப்படும் சொல்தான் இது. ஆனால் இதை அப்படியே நம்பி, வலக்கை விரல்களை லீவரின் பக்கம் கொண்டுபோகாமலேயே ஆண்டுக்கணக்கில் வண்டி ஓட்டுபவர், தம் வண்டியில் உள்ள இரண்டு பிரேக்குகளில் வலிமை மிகுந்ததைப் பயன்படுத்தாமல் ஓட்டுகிறார். சாதாரண நாட்களில் அதனால் எந்தக் குறையும் தெரியாது. சந்திலிருந்து திடீரென்று ஒரு சிறுவன் சாலைக்கு ஓடிவரும் நாளில்தான் அந்தக் குறை தெரியவரும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கும் மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். தலைக்கவசத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் தலைக்கவசம், நாம் கீழே விழுந்த பிறகு காப்பது. விழாமல், மோதாமல் வண்டியை நிறுத்துவது எப்படி என்பதைப் பற்றிய பேச்சு நம்மிடையே அரைகுறையாகத்தான் நடக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் போட்டுக் காட்டும் எட்டுகூட, ஏறக்குறைய நடை வேகத்தில் ஒருவரால் சமநிலை தவறாமல் வண்டியைத் திருப்ப முடிகிறதா என்பதைத்தான் காட்டுமே தவிர, 50 கி.மீ. வேகத்திலிருந்து அவசரமாக நிறுத்தத் தெரியுமா என்பதைக் காட்டாது. ஆகவே இந்தக் கட்டுரை அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறது: ஓடுகிற வண்டி எப்படி நிற்கிறது?

வண்டியை நிறுத்துவது எது?

பிரேக்தான் வண்டியை நிறுத்துகிறது என்று சொல்வது பாதி உண்மை. பிரேக் செய்யும் வேலை, சக்கரத்தின் சுழற்சியைக் குறைப்பது மட்டுமே. டிஸ்க் பிரேக்கில் இரண்டு பட்டைகள் ஒரு தட்டை இருபுறமும் நெருக்குகின்றன. டிரம் பிரேக்கில் இரண்டு ஷூக்கள் உருளையின் உட்புறத்தில் அழுந்துகின்றன. சக்கரத்தின் சுழற்சி குறைவதால் வண்டியின் ஓட்டம் குறைய வேண்டுமென்றால், சக்கரம் சாலையைப் பற்றிக்கொண்டிருக்க வேண்டும். டயருக்கும் சாலைக்கும் இடையிலான இந்த உராய்வைப் பிடிமானம் என்று அழைப்போம். பிரேக் எவ்வளவு புதியதாக இருந்தாலும், எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், பிடிமானம் தரக்கூடிய அளவுக்கு மேல் அதனால் வண்டியை நிறுத்த முடியாது.

பிடிமானத்தின் அளவை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன. முதலாவது, தொடுகிற பரப்புகளின் தன்மை: காய்ந்த தார்ச்சாலை, ஈரமான தார்ச்சாலை, மணல், சேறு, வழவழப்பாகத் தேய்ந்துபோன டயர் என்று அது மாறிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, அந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை அழுந்துகிறது என்பது. எடை கூடினால் பிடிமானம் கூடும். எடை குறைந்தால் பிடிமானமும் குறையும். முன் பிரேக் பற்றிய விளக்கம் முழுவதும் இந்த இரண்டாவது விஷயத்தில்தான் அடங்கியிருக்கிறது.

பிடிமானத்தை மீறி பிரேக் பிடித்தால் சக்கரம் சுழல்வதை நிறுத்திவிட்டு, சாலையின் மேல் அப்படியே இழுபட்டுப் போகும். இதைத்தான் மெக்கானிக்குகள் சக்கரம் லாக் ஆகிறது என்கிறார்கள். லாக் ஆன சக்கரம், உருண்டுகொண்டிருக்கும் சக்கரத்தைவிடக் குறைவாகவே சாலையைப் பற்றும். அதைவிட முக்கியமாக, அது திசையைக் காக்காது. பின்சக்கரம் லாக் ஆனால் வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் வீசும். முன்சக்கரம் லாக் ஆனால் ஹேண்டில் சொல்பேச்சு கேட்காமல் வண்டி சட்டென்று பக்கவாட்டில் சாய்ந்துவிடும்.

பேருந்தில் நிற்பவரின் முன்கால்

நகரப் பேருந்தில் ஓட்டுநரைப் பார்த்தபடி, ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து நின்றுகொண்டிருக்கிறீர்கள். ஓட்டுநர் பிரேக் பிடிக்கிறார். உங்கள் உடல் முன்னால் சாய்கிறது. எடை முழுவதும் முன்காலுக்கு வந்து சேர்கிறது. பின்காலின் குதிகால் தரையிலிருந்து எழும்பப் பார்க்கிறது. அந்த நேரத்தில் முன்காலை ஊன்றாமல் பின்காலை மட்டும் வைத்துச் சமாளிக்க முயன்றால் அது வழுக்கத்தான் செய்யும், ஏனென்றால் அதன் மேல் எடையே இல்லை.

ஓடுகிற வண்டியிலும் நடப்பது இதுதான். வண்டியின் எடையும் ஓட்டுபவரின் எடையும் சேர்ந்த மையம், தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டடி உயரத்தில் இருக்கிறது. பிரேக் பிடிக்கும் விசையோ தரை மட்டத்தில், டயர் சாலையைத் தொடும் இடத்தில் செயல்படுகிறது. கீழே பிடித்து நிறுத்தப்படும்போது மேலே உள்ள நிறை முன்னோக்கிப் போக முயல்வதால், வண்டியின் முன்பகுதி அமுங்கி பின்பகுதி எழும்புகிறது. முன் சஸ்பென்ஷன் உள்ளிறங்குவதை உங்கள் கைகளே உணரும். இதற்கு எடை இடம்பெயர்தல் என்று பெயர். நிற்கும் வண்டியில் இரண்டு சக்கரங்களும் எடையை ஏறத்தாழப் பாதிப்பாதியாகச் சுமக்கின்றன. காய்ந்த சாலையில் பலமாக பிரேக் பிடிக்கும்போது, முன்சக்கரம் மட்டுமே மொத்த எடையில் 70 முதல் 80 விழுக்காடு வரை சுமக்க நேரிடுகிறது.

அப்படியானால் அந்த நேரத்தில் பிடிமானமும் அதே விகிதத்தில் முன்சக்கரத்திடம்தான் இருக்கிறது. வண்டித் தயாரிப்பாளர்கள் பெரிய டிஸ்க்கை முன்சக்கரத்தில் வைப்பதும், ஒரே ஒரு டிஸ்க் உள்ள வண்டிகளில் அதை முன்னால் பொருத்துவதும், சில வண்டிகளில் முன்சக்கரத்துக்கு மட்டும் ஏ.பி.எஸ். (சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) தருவதும் இதனால்தான்.

இதுவரை பார்த்தவை: வண்டியை நிறுத்துவது டயரின் பிடிமானம். பிடிமானம் எடையைச் சார்ந்தது. பிரேக் பிடித்ததும் எடை முன்சக்கரத்துக்கு வருகிறது. ஆகவே நிறுத்தும் ஆற்றலின் பெரும்பகுதி முன் பிரேக்கில் இருக்கிறது.

பின் பிரேக்கை மட்டும் நம்பினால்

வலக்கால் பெடலை மட்டுமே மிதித்து நிறுத்துகிறவருக்கு என்ன நேர்கிறது என்று பார்ப்போம். அவர் மிதிக்க மிதிக்க எடை முன்னால் போய்க்கொண்டே இருக்கிறது. மிதிபடும் பின்சக்கரம் இலேசாகிக்கொண்டே வருகிறது. ஓர் அளவுக்கு மேல் மிதித்தால் அது லாக் ஆகிக் கீச்சிடும். அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் வண்டி சீக்கிரம் நிற்காது.

தூரக் கணக்கில் சொல்வதானால், காய்ந்த சாலையில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டியை இரண்டு பிரேக்குகளையும் சரியாகப் பிடித்து ஏறத்தாழ 23 மீட்டருக்குள் நிறுத்த முடியும். பின் பிரேக் மட்டும் என்றால் அதே வண்டிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 45 மீட்டருக்கு மேல் தேவைப்படும். முன்னால் நின்றுவிட்ட லாரியைத் தொடாமல் நிற்பதற்கும் அதன் பின்புறத்தில் போய் மோதுவதற்கும் இடையே உள்ள தூரம் இது.

இதனால் பின் பிரேக் வேண்டாதது என்று ஆகிவிடாது. வண்டியை நேராக வைத்திருக்கவும், ஊர்ந்து செல்லும் வேகத்தில் திரும்பும்போது கட்டுப்படுத்தவும், மணல் படிந்த பாதையில் மெல்ல வேகம் குறைக்கவும் அது மிகவும் உதவுகிறது. பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தால் பின்சக்கரத்தின் மேல் எடை கூடுவதால் அதன் பங்கும் கூடுகிறது. சாலையில் இரண்டையும் சேர்த்தே பிடிக்க வேண்டும்.

பயம் எங்கிருந்து வந்தது?

பெரியவர்கள் காரணமில்லாமல் பயமுறுத்தவில்லை. நம்மில் பலர் முதலில் ஓட்டியது சைக்கிள். சைக்கிளில் ஓட்டுபவரின் எடைதான் பெரும் எடை. அது உயரத்திலும் முன்சக்கரத்துக்கு நெருக்கமாகவும் இருக்கிறது. இறக்கத்தில் முன் பிரேக்கைச் சடாரென்று பிடித்தால் சைக்கிள் தலைகீழாகப் புரட்டிப் போடும் என்பது உண்மை. அந்த நினைவை நாம் பைக்குக்கும் கொண்டுவந்துவிட்டோம். 100 கிலோவுக்கு மேல் எடையும், அந்த எடை பெரும்பாலும் தாழ்வாகவும், சக்கரங்களுக்கு இடையே அதிக நீளமும் கொண்ட சாதாரண பைக், காய்ந்த சமதளச் சாலையில் நிதானமாகக் கூட்டிப் பிடிக்கும் முன் பிரேக்குக்கு அப்படிப் புரளாது.

முன் பிரேக்கால் விழுந்தவர்கள் உண்டு. அவர்கள் விழுந்த விதத்தைக் கேட்டுப் பார்த்தால், பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். வளைவில் வண்டி சாய்ந்திருக்கும்போது பிடித்திருப்பார்கள். மணல், ஈரம், சாணம் போன்றவற்றின் மேல் பிடித்திருப்பார்கள். அல்லது பதற்றத்தில் லீவரை ஒரே வெட்டாக வெட்டி இழுத்திருப்பார்கள். மூன்றிலுமே தவறு பிடித்த நேரத்திலும் பிடித்த விதத்திலும் இருக்கிறது. ஆனால் பழி முழுவதும் முன் பிரேக்கின் மேல் விழுந்து, தொடாதே என்ற ஒற்றைக் கட்டளையாக அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இந்தக் கட்டளையைக் கேட்டு வளர்ந்தவர் ஆபத்தான நேரத்தில் பழக்கமே இல்லாத லீவரைப் பயத்தில் வெட்டி இழுத்து, பெரியவர்கள் எச்சரித்தபடியே விழுகிறார் என்பதுதான் இதில் மிக வருத்தமான பகுதி.

லீவரைப் பிடிக்கும் முறை

மீண்டும் அந்தப் பேருந்துக்குப் போவோம். ஓட்டுநர் மெல்லத் தொடங்கிப் படிப்படியாக பிரேக்கை அழுத்தினால், உங்கள் முன்கால் எடையை வாங்கி ஊன்றிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. பிறகு எவ்வளவு பலமாக அழுத்தினாலும் நீங்கள் தாங்கிக்கொள்கிறீர்கள். ஒரே மிதியாக மிதித்தால், கால் ஊன்றுவதற்கு முன்பே நிலைகுலைந்துவிடுகிறீர்கள்.

முன்சக்கரத்துக்கும் எடையை வாங்கிக்கொள்ள ஒரு கணம் வேண்டும். ஆகவே லீவரை இரண்டு கட்டமாகப் பிடிக்க வேண்டும். முதலில், பட்டைகள் டிஸ்க்கைத் தொடும் அளவுக்கு இலேசான பிடி. முன் சஸ்பென்ஷன் இறங்கத் தொடங்குவதை உள்ளங்கையில் உணர்ந்ததும், ஈரத்துணியைப் பிழிவதுபோல் இறுக்கிக்கொண்டே போகும் பிடி. சொல்லும்போது நீளமாகத் தெரிந்தாலும், பழகியவருக்கு இந்த இரண்டு கட்டங்களும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். வண்டி நிற்கப்போகும் கடைசி நேரத்தில் பிடியைச் சற்றுத் தளர்த்தினால், தலை முன்னால் வெட்டாமல் மென்மையாக நிற்கும்.

பிடிக்கும்போது ஹேண்டில் நேராக இருக்க வேண்டும். வண்டி சாயாமல் நிமிர்ந்திருக்க வேண்டும். முழங்கால்களால் பெட்ரோல் டேங்கை இறுக்கிக்கொண்டால் உடல் முன்னால் சரிந்து கைகளின் மேல் விழாது. பார்வை முன்சக்கரத்தின் அடியில் குனியக் கூடாது. தூரத்தில், போக வேண்டிய வழியில் இருக்க வேண்டும்.

புதியவர்களிடம் அடிக்கடி காணும் ஒரு பழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஆபத்தைக் கண்டதும் பலர் முதலில் செய்வது கிளட்ச்சைப் பிடிப்பது. கிளட்ச் வண்டியை நிறுத்தும் கருவி அன்று. அது என்ஜினைச் சக்கரத்திலிருந்து பிரிப்பது. ஆக்ஸிலேட்டரை விட்டதும் என்ஜின் தானே சக்கரத்தின் வேகத்தை ஓரளவு இழுத்துப் பிடிக்கும். இதை என்ஜின் பிரேக் என்பார்கள். சாதாரணமாக வேகம் குறைக்கையில் கிளட்ச்சை முதலிலேயே பிடித்துவிட்டால் அந்த உதவி போய்விடும். வண்டி நிற்கும் தறுவாயில், என்ஜின் அணைந்துவிடாமல் இருக்க மட்டும் கிளட்ச்சைப் பிடித்தால் போதும்.

வண்டி நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்?

பிரேக்கை எவ்வளவு சரியாகப் பிடித்தாலும் வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடாது. ஆபத்தைக் கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை லீவரைத் தொடுவதற்குள் விழிப்பாக இருப்பவருக்கே ஏறத்தாழ ஒரு நொடி ஆகிறது. அந்த ஒரு நொடியும் வண்டி முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. இப்படிக் கடக்கும் தூரத்தை எதிர்வினைத் தூரம் என்றும், பிரேக் பிடித்ததிலிருந்து நிற்கும் வரையிலான தூரத்தை பிரேக் தூரம் என்றும், இரண்டும் சேர்ந்ததை நிறுத்தத் தூரம் என்றும் சொல்லலாம்.

ஒரு நொடி எதிர்வினை, காய்ந்த சாலை, இரண்டு பிரேக்குகளையும் சரியாகப் பிடிக்கும் ஓட்டுநர் என்று வைத்துக் கணக்கிட்டால், 40 கி.மீ. வேகத்தில் எதிர்வினைக்கு 11 மீட்டர், பிரேக்குக்கு 10 மீட்டர், ஆக 21 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் 17-ம் 23-ம் சேர்ந்து 40 மீட்டர். இது மூன்று நகரப் பேருந்துகளை வரிசையாக நிறுத்திய நீளத்தைவிடச் சற்று அதிகம். 80 கி.மீ. வேகத்தில் 22-ம் 41-ம் சேர்ந்து 63 மீட்டர். வேகம் 40-லிருந்து 80-ஆக இரண்டு மடங்கானபோது, எதிர்வினைத் தூரம் இரண்டு மடங்கும் பிரேக் தூரம் நான்கு மடங்கும் ஆகியிருப்பதைக் கவனியுங்கள். ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு (வேகம் × வேகம்) ஏற்பக் கூடுவதே இதற்குக் காரணம். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டோ அரைத் தூக்கத்திலோ ஓட்டுபவரின் எதிர்வினை இரண்டு நொடிக்குப் போய்விட்டால், 60 கி.மீ. வேகத்தில் இன்னொரு 17 மீட்டரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வெறும் 10 கி.மீ. கூடுதலாகப் போனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. 50 கி.மீ. வேகத்தில் ஒரு வண்டியும் 60 கி.மீ. வேகத்தில் ஒரு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. 30 மீட்டர் முன்னால் ஒருவர் சாலையில் இறங்கிவிடுகிறார். இருவரும் ஒரே நொடியில் பார்க்கிறார்கள், ஒரே மாதிரி பிரேக் பிடிக்கிறார்கள். 50-இல் வந்தவர், இறங்கியவரின் அருகில் வந்து நின்றுவிடுகிறார். 60-இல் வந்தவரின் வண்டி அதே இடத்தைக் கடக்கும்போது இன்னும் ஏறத்தாழ 39 கி.மீ. வேகத்தில் இருக்கிறது. முதல் 17 மீட்டரில் அவர் பிரேக்கையே தொட்டிருக்கவில்லை. மீதமிருந்த 13 மீட்டர் அவ்வளவு ஆற்றலைக் கரைக்கப் போதவில்லை. சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரில் மாநகருக்குள் இருசக்கர வாகனங்களின் உச்ச வேகத்தை 50 கி.மீ. என்றும், குடியிருப்புப் பகுதிகளில் 30 கி.மீ. என்றும் வகுத்தபோது பலர் அதை ஒரு தொல்லையாகவே பார்த்தார்கள். இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தவருக்கு அந்த எண் தொல்லையாகத் தோன்றாது.

இரவுக்கும் இதே கணக்குதான். முகப்பு விளக்கின் வெளிச்சம் எவ்வளவு தூரம் எட்டுகிறதோ அந்தத் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகமே இரவில் பாதுகாப்பான வேகம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் படுத்திருக்கும் மாடு வெளிச்சத்துக்குள் வரும்போதுதான் கண்ணில் படும். கறுப்பு மாடென்றால் இன்னும் தாமதமாக.

சுருக்கமாக: நிறுத்தத் தூரம் என்பது எதிர்வினைத் தூரமும் பிரேக் தூரமும் சேர்ந்தது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகும்.

முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் இடையே

மோட்டார் வாகனங்கள் ஓட்டுவதற்கான 2017-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், முன்னால் செல்லும் வாகனத்திலிருந்து போதிய இடைவெளி விட்டுச் செல்லச் சொல்கின்றன. போதிய இடைவெளியை மீட்டரில் அளந்துகொண்டே ஓட்ட முடியாது, நேரத்தில் அளக்கலாம். முன்னால் போகும் வண்டி ஒரு மின்கம்பத்தைக் கடக்கும்போது, "இருபத்தொன்று, இருபத்திரண்டு" என்று இயல்பான வேகத்தில் மனதுக்குள் சொல்லுங்கள். சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்தைக் கடந்துவிட்டால், இடைவெளி இரண்டு நொடிக்கும் குறைவு. ஆக்ஸிலேட்டரைத் தளர்த்த வேண்டும். மழை பெய்தால் "இருபத்துநான்கு" வரை சொல்லி முடிக்கும் அளவுக்கு இடைவெளியைக் கூட்டுங்கள்.

நம்மூர்ச் சாலையில் இடைவெளி விட்டால் அதற்குள் ஓர் ஆட்டோவோ இன்னொரு பைக்கோ நுழைந்துவிடும் என்பது உண்மையான குறைதான். நுழையட்டும், மறுபடி சற்றுப் பின்வாங்கி இடைவெளியை உண்டாக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் இழப்பது இரண்டு நொடி மட்டுமே. பேருந்துக்கும் லாரிக்கும் பின்னால் இந்த இடைவெளி இன்னும் தேவை, ஏனென்றால் ஒட்டிப் போனால் முன்னால் இருக்கும் பள்ளமோ வேகத்தடையோ அந்த வண்டியின் அடியிலிருந்து வெளிப்படும் வரை கண்ணுக்குத் தெரியாது. நிறுத்தம் இருக்கும் இடத்திலும் இல்லாத இடத்திலும் நின்று ஆள் ஏற்றும் மினி பேருந்தின் பின்னால் போகும்போது, விரல்களை லீவரின் மேலேயே வைத்திருங்கள்.

ஏ.பி.எஸ்., சி.பி.எஸ். என்ன செய்கின்றன?

இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் தயாராகும் வண்டிகளில், 125 சி.சி.க்கு மேற்பட்டவற்றுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம், 125 சி.சி. வரை உள்ளவற்றுக்கு ஏ.பி.எஸ். அல்லது சி.பி.எஸ். இரண்டில் ஒன்று இருக்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

ஏ.பி.எஸ். என்பது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு. சக்கரத்தோடு சுற்றும் ஒரு வளையத்தின் அருகே உள்ள உணரி, சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதைக் கவனித்துக்கொண்டே இருக்கும். சக்கரம் திடீரென்று நிற்கப்போவது தெரிந்தால், அமைப்பு பிரேக் அழுத்தத்தை ஒரு கணம் விட்டு மறுபடி கொடுக்கும். ஒரு நொடிக்குள் பலமுறை இப்படிச் செய்யும். அப்போது லீவரோ பெடலோ தடதடவென்று அதிரும். முதன்முறை அதை உணர்பவர் ஏதோ உடைந்துவிட்டதென்று பயந்து பிடியை விட்டுவிடுவார். விடக் கூடாது, அந்த அதிர்வு அமைப்பு வேலை செய்வதன் அடையாளம். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் எரியும் ஏ.பி.எஸ். விளக்கு, வண்டி நகர்ந்து சற்று வேகம் எடுத்ததும் அணைந்துவிட வேண்டும், அணையாவிட்டால் ஏ.பி.எஸ். இயங்கவில்லை என்று பொருள்.

ஏ.பி.எஸ். புதிதாகப் பிடிமானத்தை உண்டாக்காது. இருக்கிற பிடிமானத்தை வீணாக்காமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. தளர்ந்த ஜல்லியின் மேல் அது நிறுத்தத் தூரத்தைக் கூட்டவும் செய்யலாம். வளைவில் சாய்ந்திருக்கும் வண்டியை வழுக்காமல் காக்கும் திறனும் சாதாரண ஏ.பி.எஸ்.ஸுக்குக் கிடையாது.

சி.பி.எஸ். எளிமையானது: ஒரு பிரேக்கைப் பிடித்தால் மற்றதும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும்படி இணைத்திருப்பார்கள். ஸ்கூட்டரில் இடக்கை லீவரும் பைக்கில் கால் பெடலும் இப்படி இணைக்கப்பட்டிருக்கும். முன் பிரேக்கைத் தொடாமல் ஓட்டும் நம் பழக்கத்துக்கு இது ஒரு சிறு மாற்று. ஆனால் அது முன்சக்கரத்துக்கு அனுப்புவது ஒரு பங்கு அழுத்தம் மட்டுமே. முழு ஆற்றலுக்கு வலக்கை லீவரைத்தான் பிடிக்க வேண்டும். சி.பி.எஸ். சக்கரம் லாக் ஆவதையும் தடுக்காது.

வளைவு, மழை, நெல்

டயர் சாலையைத் தொடும் பரப்பு உள்ளங்கை அளவுகூட இருக்காது. அங்கே கிடைக்கும் பிடிமானம், நிற்பதற்கும் திரும்புவதற்கும் சேர்த்து ஒரே இருப்பிலிருந்துதான் செலவாகிறது. வளைவில் சாய்ந்து போகும்போது அதன் பெரும்பகுதி திரும்புவதற்கே போய்விடுகிறது. அப்போது பிரேக்கைப் பலமாகப் பிடித்தால் மிச்சம் போதாமல் சக்கரம் நழுவுகிறது. ஆகவே வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கி வருபவருக்கு இது உயிர்க்காப்பு. இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவர், என்ஜின் பிரேக்கை இழந்து முழுச் சுமையையும் பிரேக் ஷூக்களின் மேல் ஏற்றுகிறார். தொடர்ந்து பிடித்துச் சூடேறிய டிரம் பிரேக், அடிவாரம் வருவதற்குள் பிடிப்பை இழந்துவிடும். ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ ஏறக்குறைய அதே கியரில் இறங்க வேண்டும்.

கோடைக்குப் பின் பெய்யும் முதல் மழையில், சாலையில் படிந்திருந்த எண்ணெயும் தூசியும் நீரோடு குழைந்து வழவழப்பாகிவிடும். நன்றாகப் பெய்து கழுவிவிட்ட பிறகும்கூட 60 கி.மீ. வேகத்தில் நிறுத்தத் தூரம் 40-லிருந்து 50 மீட்டருக்கு மேல் போய்விடும். வெள்ளைக் கோடுகள், பாதாளச் சாக்கடை மூடிகள், கட்டுமானப் பணி நடக்கும் இடங்களில் போட்டிருக்கும் இரும்புத் தகடுகள் ஆகியவை ஈரத்தில் மிகவும் வழுக்கும். அவற்றின் மேல் இருக்கும்போது பிரேக்கைத் தொடாமல் நேராகக் கடந்துவிடுவது நல்லது.

தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்தில் அறுவடைக் காலத்தில் ஓட்டுபவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சாலையின் ஒரு பாதியில் நெல்லோ உளுந்தோ காயப் போட்டிருப்பார்கள். ஓரத்தில் கல்லை வைத்து எல்லை கட்டியிருப்பார்கள். உருளும் மணிகளின் மேல் டயருக்குப் பிடிமானமே கிடையாது. எதிரே பேருந்து வந்து அந்தப் பக்கம் ஒதுங்க நேரிட்டால், தானியத்துக்குள் போவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே போன பிறகு ஹேண்டிலையும் ஆக்ஸிலேட்டரையும் அசைக்காமல் கடக்க வேண்டும். மணல் லாரி சிந்திவிட்டுப் போன மணலுக்கும் இதே முறைதான்.

வெறும் சாலையில் பழகுவது

படித்துத் தெரிந்துகொள்வதால் மட்டும் கை பழகிவிடாது. ஆபத்து நேரத்தில் உடல் யோசிப்பதில்லை, பழகியதைத்தான் செய்கிறது. ஊருக்கு வெளியே, வீடுகள் இன்னும் எழும்பாத மனைப்பிரிவுகளின் தார்ச்சாலை இதற்கு ஏற்ற இடம். மண் மைதானம் வேண்டாம். அதில் பிடிமானம் குறைவு. பழகும் இடம்தானே என்று எண்ணாமல், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள தலைக்கவசத்தை வார் மாட்டி அணிந்துகொள்ளுங்கள். ஷூவும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் சாலையில் மணல் இல்லை என்பதை நடந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, டயர்களையும் ஒரு பார்வை பாருங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள சிறு முக்கோணக் குறிக்கு நேராக, பள்ளத்தின் அடியில் ஒரு சிறு மேடு இருக்கும். டயர் அந்த மேடு வரை தேய்ந்திருந்தால் பயிற்சிக்கு முன் டயரை மாற்றுங்கள்.

ஒரு செங்கல் துண்டால் சாலையின் குறுக்கே கோடு போடுங்கள். 20 கி.மீ. வேகத்தில் நேராக வந்து, முன்சக்கரம் கோட்டைத் தொடும்போது முன் பிரேக்கை மட்டும் இரண்டு கட்டமாகப் பிடித்து நிறுத்துங்கள். நின்ற இடத்தில் இன்னொரு கோடு. பிறகு அதே வேகத்தில் பின் பிரேக்கை மட்டும் பிடித்து நிறுத்தி, அங்கும் ஒரு கோடு. மூன்றாவதாக இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். சாலையில் கிடக்கும் அந்த மூன்று கோடுகளின் இடைவெளியைப் பார்த்தபின், முன் பிரேக்கைப் பற்றி வேறு யாரும் விளக்க வேண்டியிருக்காது. லீவர் கைக்குப் பழகியதும் 30-க்கும், பிறகு 40-க்கும் போகலாம். முன்சக்கரம் நழுவுவதாகத் தோன்றினால் உடனே பிடியை விட்டு, மறுபடி மெல்லத் தொடங்குங்கள்.

தனியாக நன்றாக நிறுத்த வந்த பிறகு, தலைக்கவசம் அணிந்த ஒருவரைப் பின்னால் உட்காரவைத்து இதையே செய்து பாருங்கள். லீவருக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுவதும், பின் பிரேக் முன்பைவிட நன்றாகப் பிடிப்பதும், பின்னால் இருப்பவர் முன்னால் சரிந்து உங்கள் முதுகில் அழுத்துவதும் அப்போது தெரியும். அவரைப் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நான்கு வயது வரையுள்ள குழந்தையைப் பின்னால் அழைத்துச் செல்கையில் வேகம் 40 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது, ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் குழந்தைக்குத் தலைக்கவசமும் வேண்டும் என்று 2023 முதல் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. குழந்தையோடு போகும் நாளில், முன்னால் போகும் வண்டியின் பின்னே "இருபத்துநான்கு" வரை சொல்லும் இடைவெளியை, மழை இல்லாவிட்டாலும் விட்டுச் செல்லுங்கள்.